துளிநீரைப் படித்தவர்

ஓடையில் கிடக்கும் கல்லொன்றை எடுத்து விரலால் தடவினால், பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான படலம் ஒன்று கையில் ஒட்டிக்கொள்ளும். அழுக்கென்று கழுவிவிடும் அப்படலத்தில் எண்ணற்ற உயிர்கள் வாழ்கின்றன. கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவைக் கொண்டு அவ்வுயிர் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பேழையைக் கட்டிக்கொள்கிறது. பேழைக்கு அடிப்பெட்டியும் அதன்மேல் பொருந்தும் மூடியும் உண்டு. அவற்றின் மீது கோடுகளும் புள்ளிகளும் பொற்கொல்லர் இழைத்தாற்போல் ஒழுங்காக அமைந்திருக்கும். இத்தனை வேலைப்பாடும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையிலான நீளத்திற்குள் அடங்கிவிடும். டயட்டம் எனப்படும் இவ்வுயிர்களைத் தேடி நன்னீர், கடல்நீர், மண், பாறை, காற்றில் வந்த தூசி என எல்லாவற்றையும் ஆராய்ந்து, உருவம் வரைந்து, பெயரிட்டு வைத்தவர் கிறிஸ்டியான் கோட்ஃபிரீட் எரன்பெர்க். இன்று டயட்டம்களை இனங்காண முற்படுவோர் எவரும் அவர் சூட்டிய பெயர்களைத் தவிர்த்துச் செல்ல இயலாது. அவ்வுயிர்கள் எவை என்னும் அடிப்படை வினாவிலோ, அவர் இறுதிவரை தவறான விடையையே பற்றிக்கொண்டிருந்தார்.

இளமை

எரன்பெர்க் 1795ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு அருகிலுள்ள டெலிட்ஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்தின் விருப்பப்படி லைப்சிக் பல்கலைக்கழகத்தில் முதலில் இறையியல் பயிலச் சென்றார். மனம் அதில் நிலைக்கவில்லை. மருத்துவத்திற்கு மாறி, பின்னர் பெர்லின் சென்று படிப்பைத் தொடர்ந்தார். அக்காலத்தில் மருத்துவம் பயில்வோர் தாவரவியலையும் விலங்கியலையும் சேர்த்தே கற்றனர். ஆகையால் இயற்கையை ஆராய விரும்பிய இளைஞர் பலருக்கு மருத்துவப் படிப்பே வாயிலாக இருந்தது.

1818இல் முனைவர் பட்டத்திற்காக அவர் எடுத்துக்கொண்ட பொருள் பெர்லின் சுற்றுப்புறத்துப் பூஞ்சைகள். ஏறத்தாழ 250 வகைகளைப் பதிவு செய்தார். அவற்றுள் 60க்கும் மேற்பட்டவை அதுவரை எவரும் விவரிக்காதவை. மழைக்குப் பின் அழுகிய மரத்திலும் குப்பையிலும் பூஞ்சைகள் திடீரெனத் தோன்றுவதைக் கண்ட பலர், அவை அழுகலிலிருந்தே தாமாகப் பிறக்கின்றன என்று நம்பிவந்த காலம் அது. எரன்பெர்க் நுண்ணிய வித்துகளிலிருந்து பூஞ்சை முளைப்பதைக் கண்காணித்துக் காட்டினார். ஒரு பூஞ்சையின் இரண்டு இழைகள் ஒன்றுகூடி இனப்பெருக்கம் செய்வதையும் 1820இல் விவரித்தார். எவ்வளவு சிறிய உயிராயினும் அது தன்னைப் போன்ற உயிரிலிருந்தே தோன்றும் என்ற உறுதி இருபத்தைந்து வயதிலேயே அவரிடம் வேரூன்றிவிட்டது. அவருடைய பெருமைக்கும் பிழைக்கும் காரணமாக அமைந்தது இந்த உறுதிதான்.

பாலைவனப் பயணம்

பெர்லினில் பயின்ற நாள்களில் வில்ஹெல்ம் ஹெம்ப்ரிஷ் என்னும் இளைஞர் அவருக்கு உற்ற நண்பரானார். இருவரும் மருத்துவர்கள், இருவருக்கும் தொலைதூர நாடுகளைக் காணும் வேட்கை இருந்தது. 1820இல் தளபதி மினுடோலி தலைமையில் எகிப்துக்குச் சென்ற குழுவில் பிரஷ்ய அறிவியல் கழகத்தின் ஆதரவோடு இருவரும் இடம்பெற்றனர். லிபியப் பாலைவனத்தில் தொடங்கிய பயணம் எளிதாக இல்லை. நோயும் வெப்பமும் குழுவினர் சிலரின் உயிரைத் தொடக்கத்திலேயே பறித்தன. தளபதி ஊர் திரும்பிய பின்னரும் நண்பர்கள் இருவரும் திரும்பவில்லை. நைல் ஆற்றைத் தொடர்ந்து நூபியா, பின்னர் சினாய், லெபனான், செங்கடற்கரை, அரேபியா, அபிசீனியா என ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அலைந்தனர்.

செங்கடலின் ஓரத்தில் தோர் என்னும் சிறு துறைமுகம் உள்ளது. 1823ஆம் ஆண்டின் இறுதியில் எரன்பெர்க் அங்குத் தங்கியிருந்தபோது, விரிகுடாவின் நீர் குருதி நிறமாக மாறிக் கரையில் ஒதுங்கியதைக் கண்டார். அந்நீரை முகந்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். கற்றை கற்றையாக மிதந்த நுண்ணிய இழைகளே நிறத்திற்குக் காரணம் எனக் கண்டறிந்தார். டிரைக்கோடெஸ்மியம் என அவர் பெயரிட்ட அவ்வுயிர் இன்றும் அப்பெயராலேயே அறியப்படுகிறது. கடலின் நிறத்தையே மாற்றவல்லது கண்ணுக்குத் தெரியாத உயிர் என்னும் செய்தி அவர் மனத்தில் ஆழப் பதிந்தது.

1825ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், இன்றைய எரித்திரியாவைச் சேர்ந்த மசாவா துறைமுகத்தில் ஹெம்ப்ரிஷ் காய்ச்சலால் இறந்தார். அவருக்கு வயது 29. நண்பரை அந்நிய மண்ணில் புதைத்துவிட்டு எரன்பெர்க் ஊர் திரும்பினார். இருவரும் சேர்த்து அனுப்பிய தொகுப்பில் 46,000 தாவர மாதிரிகளும் 34,000 விலங்கு மாதிரிகளும் இருந்தன. அவற்றை விவரித்து நூல்கள் வெளியிட்டபோது, தாமே எழுதிய பக்கங்களிலும் ஹெம்ப்ரிஷின் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் இட்டார். விலங்கியல் நூல்களில் ஹெம்ப்ரிஷ், எரன்பெர்க் என்னும் இரு பெயர்களும் இன்றுவரை பிரியாமல் நிற்பது இதனால்தான்.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் 1827இல் பேராசிரியரானார். 1829இல் புகழ்பெற்ற அறிஞர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் ரஷ்யப் பேரரசரின் அழைப்பின்பேரில் உரால் மலையையும் சைபீரியாவையும் கடந்து சீன எல்லை வரை பயணம் செய்தபோது, கனிமவியல் அறிஞர் குஸ்தாவ் ரோசுடன் எரன்பெர்க்கும் சென்றார். ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் தொலைவு, எட்டு மாதங்கள். வண்டி நின்ற இடமெல்லாம் அவர் நீர் எடுத்தார். அதன் பிறகு நெடும்பயணங்கள் அவருக்குத் தேவைப்படவில்லை. உலகமே பொட்டலங்களாக அவரிடம் வந்துசேரத் தொடங்கியது.

ஓடுகளைப் பிரித்தறிதல்

எரன்பெர்க்கின் கருவி இன்றைய பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியைவிடப் பெரிதாக உயர்ந்ததன்று. பெரும்பாலும் 300 மடங்கு உருப்பெருக்கத்திலேயே அவர் தம் படங்களை வரைந்தார். எல்லாப் படங்களையும் ஒரே அளவில் வரைந்ததில் ஒரு நன்மை உண்டு. வெவ்வேறு நாட்டு மாதிரிகளை அருகருகே வைத்து ஒப்பிடும்போது எது பெரிது, எது சிறிது என்பது பார்த்தவுடன் விளங்கும். மாதிரியில் சிறிதளவை மெல்லிய மைக்கா வில்லையில் பரப்பி, கனடா பால்சம் என்னும் தெளிந்த பிசினால் மூடி, எண்ணிட்டு, அட்டைகளில் வரிசையாக அடுக்கினார். குறிப்பிடத்தக்க ஓடு வில்லையின் எவ்விடத்தில் உள்ளது என்பதைச் சிறு வளையத்தால் அடையாளமிட்டார். ஒரு முறை கண்டதை மீண்டும் காண வழிவைத்துப் போன இந்தப் பழக்கம், பின்னால் வந்தவர்களுக்கு அவர் அளித்த பெருங்கொடை.

டயட்டம்களை இனங்காண்பது எவ்வாறு? உயிருள்ள நிலையில் பொன்பழுப்பு நிறப் பொருள் உள்ளே நிறைந்திருப்பதால் ஓட்டின் வேலைப்பாடு தெளிவாகத் தெரியாது. சூட்டினாலோ அமிலத்தாலோ உள்ளிருக்கும் உயிர்ப்பொருளை அகற்றிவிட்டால் சிலிக்கா ஓடு மட்டும் எஞ்சும். அதன் பிறகே கேள்விகள் தொடங்குகின்றன. ஓட்டின் வடிவம் சக்கரம் போன்று மையத்தைச் சுற்றி அமைந்ததா, ஓடம் போன்று நீண்டதா? நீண்டதாயின் இரு முனைகளும் ஒத்துள்ளனவா? நடுவில் நீளவாட்டில் ஒரு பிளவு ஓடுகிறதா? அப்பிளவு இரு ஓடுகளிலும் உண்டா, ஒன்றில் மட்டுமா? குறுக்கு வரிகள் இணையாகச் செல்கின்றனவா, மையத்தை நோக்கிச் சாய்கின்றனவா? குறிப்பிட்ட நீளத்திற்குள் எத்தனை வரிகள் அடங்குகின்றன? இன்றைய ஆய்வாளர்கள் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கிற்குள் உள்ள வரிகளை எண்ணுகின்றனர். எரன்பெர்க் தம் காலத்து அளவையில் அதே வேலையைச் செய்தார்.

நன்னீரில் மிகுதியாகக் காணப்படும் பல பேரினங்களுக்கு அவர் சூட்டிய பெயர்களே அடையாளக் குறிப்புகளாகவும் அமைந்தன. இறகின் நரம்புகள் போல் தடித்த வரிகள் இருபுறமும் நிற்கும் டயட்டத்திற்கு இறகு என்னும் பொருள்பட பின்னுலேரியா என்று பெயரிட்டார். நடுவில் வரிகளற்ற தெளிவான பட்டை குறுக்காக நின்று, நீளவாட்டுப் பிளவோடு சேர்ந்து சிலுவை போலத் தோன்றுவது ஸ்டாரோனீஸ்; சிலுவையும் ஓடமும் அப்பெயரில் இணைந்துள்ளன. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் ஆப்பு வடிவில் இருந்து, குறுகிய முனையிலிருந்து சுரக்கும் பசைக் காம்பினால் கல்லிலோ இலையிலோ பற்றி நிற்பது கோம்ஃபோனீமா. வில் போல் வளைந்த முதுகுடையது யுனோஷியா. அதன் பிளவு முனைகளின் அருகில் மட்டும் சிறிதாகத் தென்படும். அமிலத்தன்மை கொண்ட சதுப்புநீரே அதற்குப் பெரிதும் உகந்தது. நீர்த்தாவர இலைகளின்மேல் நீள்வட்டப் பொட்டுகளாக ஒட்டிக் கிடப்பது காக்கோனீஸ். அதன் இரு ஓடுகளில் ஒன்றில்தான் பிளவு இருக்கும். இப்பெயர்கள் அனைத்தும் ஏறத்தாழ 1830 முதல் 1843 வரையிலான காலத்தில் அவர் வழங்கியவை.

இவ்வேலையில் கண்ணை ஏமாற்றும் இடங்கள் பல. பேழையை மேலிருந்து பார்த்தால் ஓடமாகத் தெரிவது, பக்கவாட்டில் பார்த்தால் வெறும் செவ்வகமாகத் தெரியும். இரண்டையும் இரு வேறு உயிர்கள் என எண்ணிவிட வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. டயட்டம் பிளந்து இரண்டாகும்போது மூடியும் அடிப்பெட்டியும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்குள் பொருந்துமாறு ஒரு புதிய அடிப்பெட்டியைச் செய்துகொள்கிறது. பழைய அடிப்பெட்டி புதிய பேழையின் மூடியாகிவிடுவதால், தலைமுறை தோறும் ஒரு பகுதி சிறுத்துக்கொண்டே போகும். சிறுக்கும்போது வடிவமும் சிறிது மாறும். இவ்வுண்மை 1869இல்தான் தெளிவாயிற்று. அதற்கு முன்பு எழுதிய எரன்பெர்க், ஒரே இனத்தின் பெரியதையும் சிறியதையும் இருவேறு இனங்களாகப் பெயரிட்ட இடங்கள் இல்லாமல் இல்லை. தெரிந்திராத விதியை அவர் மீறியதாகக் குறை கூறுவது முறையாகாது.

மண்ணாகிப்போன உயிர்கள்

1836இல் கார்ல்ஸ்பாத் அருகே பீங்கான் தொழிற்சாலை நடத்திவந்த ஃபிஷர் என்பவர், அப்பகுதிச் சதுப்பில் கிடைத்த வெண்மண்ணை நுண்ணோக்கியில் பார்த்து வியந்து எரன்பெர்க்குக்கு அனுப்பினார். அம்மண் முழுவதும் டயட்டம் ஓடுகளாகவே இருந்தது. உடனே எரன்பெர்க் கையில் கிடைத்த மண், பாறை மாதிரிகளை எல்லாம் ஆராயத் தொடங்கினார். பொகீமியாவின் பிலின் என்னும் ஊரில், உலோகங்களை மெருகேற்றப் பயன்படும் மென்மையான பாறை அடுக்கு ஒன்று இருந்தது. அதன் ஒரு கன அங்குலத்தில் ஏறத்தாழ 4,100 கோடி ஓடுகள் இருப்பதாக அவர் கணக்கிட்டார். அக்கணக்கு ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. மலையின் ஒரு பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கட்டியுள்ளன என்பது அதுவரை எவர் கற்பனைக்கும் எட்டாதது.

பஞ்சக் காலத்தில் ஸ்வீடன் நாட்டு மக்கள் மாவோடு கலந்து உண்ட மலைமாவு என்னும் மண்ணையும் ஆராய்ந்து, அதிலும் டயட்டம் ஓடுகளைக் கண்டார். தாம் வாழ்ந்த பெர்லின் நகரின் அடியிலேயே அத்தகைய மண் படிந்திருப்பதையும் காட்டினார். சுண்ணாம்புப் பாறை வேறொரு வகைக் கடலுயிர்களின் ஓடுகளால் ஆனது என்பதும் அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. இவற்றுக்காக லண்டன் நிலவியல் கழகம் 1839இல் அவருக்கு வோலஸ்டன் பதக்கம் வழங்கியது. 1854இல் வெளிவந்த நுண்நிலவியல் என்னும் பெருநூலில் உலகின் பல பகுதி மண்களில் கண்ட ஓடுகளின் படங்களைத் தொகுத்தளித்தார். பின்னாளில் ஆல்ஃபிரட் நோபல், வெடித்துச் சிதறும் நைட்ரோகிளிசரினை உறிஞ்சி அடக்கிவைக்க இத்தகைய டயட்டம் மண்ணையே பயன்படுத்தி 1867இல் டைனமைட்டுக்கு உரிமம் பெற்றார்.

மண்ணை அறிந்தவர் என்னும் புகழ் அவரைக் குற்றப் புலனாய்விலும் இழுத்துவிட்டது. 1856இல் பிரஷ்ய இருப்புப்பாதை ஒன்றில் வெள்ளி நாணயங்களோடு அனுப்பிய பீப்பாய், சேருமிடத்தில் மணல் நிறைந்து கிடந்தது. எரன்பெர்க் வழியிலுள்ள நிலையங்களின் மணலை எல்லாம் வருவித்து, நுண்ணோக்கியில் பீப்பாய் மணலோடு ஒப்பிட்டு, மாற்றம் நடந்த நிலையத்தைச் சுட்டிக்காட்டினார்.

டார்வின் அனுப்பிய தூசி

1832 சனவரியில் பீகிள் கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கேப் வெர்டி தீவுகளை அடைந்தபோது, காற்றில் நுண்ணிய பழுப்புத் தூசி படர்ந்திருந்தது. பாய்மர உச்சியிலிருந்த காற்றுக்காட்டியின் மெல்லிய துணியில் படிந்த தூசியை இளம் டார்வின் பொட்டலமாக்கி வைத்தார். 1840களில் அதனையும், வேறொரு கப்பலில் விழுந்த தூசிப் பொட்டலங்கள் நான்கையும் சேர்த்து எரன்பெர்க்குக்கு அனுப்பினார். ஐந்து பொட்டலங்களில் 67 வகை உயிர்வடிவங்களை எரன்பெர்க் கண்டறிந்தார். சிலிக்கா ஓடுகளையுடைய நுண்ணுயிர்களில் இரண்டைத் தவிர ஏனையவை நன்னீரில் வாழ்பவை. கடலின் நடுவே விழுந்த தூசி கடலுக்குரியதன்று. எங்கோ வற்றிப்போன ஏரியின் அடியிலிருந்து காற்று வாரிவந்தது. ஓட்டின் வரிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஒரு சிட்டிகைத் தூசி இவ்வளவு சொல்லியது.

ஆனால் எந்த ஏரி? ஆப்பிரிக்காவுக்கே உரியவை எனத் தாம் அறிந்திருந்த வடிவங்கள் அத்தூசியில் இல்லை என்றார் எரன்பெர்க். மாறாக, தென் அமெரிக்காவில் மட்டுமே வாழ்பவை என அவர் கருதிய இரண்டு அதில் இருந்தன. அதனால் தூசி ஆப்பிரிக்காவிலிருந்து வரவில்லை என எண்ணினார். காற்றின் திசையை நேரில் கண்ட டார்வினோ அது ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது என்றார். அமெரிக்கக் கடற்படை அறிஞர் மோரி, எரன்பெர்க்கின் முடிவை நம்பி, தென் அமெரிக்காவிலிருந்து மேலெழும் காற்று அட்லாண்டிக்கைக் கடந்து இறங்குவதற்கு அத்தூசியையே சான்றாக்கித் தம் நூலில் எழுதினார்.

டார்வினே சரி. சகாராப் பகுதியின் வறண்ட நிலங்களும் பழைய ஏரிப்படுகைகளும் அத்தூசியின் ஊற்று என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. எரன்பெர்க் தவறியது ஓடுகளை அடையாளம் காண்பதில் அன்று. இரண்டு வடிவங்களைத் தென் அமெரிக்காவில் மட்டுமே அவர் பார்த்திருந்தார். ஆகவே அங்கு மட்டுமே அவை உள்ளன எனக் கொண்டுவிட்டார். உலகின் நன்னீர்நிலைகளில் அன்றைக்கு ஆராயப்பட்டவை மிகச் சில. தேடாத இடத்தில் இல்லை என்று சொல்வது, தேடிய இடத்தில் கண்டேன் என்று சொல்வதற்கு நிகராகாது.

பல இரைப்பைகள்

1838இல் எரன்பெர்க்கின் தலைசிறந்த நூல் வெளிவந்தது. நுண்ணுயிர்கள் முழுமை பெற்ற உயிர்களே என்பது அதன் தலைப்பின் கருத்து. அவரே வரைந்த உருவங்களைக் கொண்ட 64 படத்தகடுகள் அப்பெருநூலோடு வெளியாயின. சக்கர உயிரிகள் எனப்படும் நன்னீர் நுண்விலங்குகளுக்குத் தாடையும் இரைப்பையும் முட்டைப்பையும் இருப்பதை அவர் மிகச் சரியாகக் காட்டியிருந்தார். தலைமயிரின் தடிமன் அளவேயுள்ள உயிருக்கு இத்தனை உறுப்புகள் இருக்குமாயின், அதனினும் சிறியவற்றுக்கும் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவுரிச் சாயத்தையும் செஞ்சாயத்தையும் நீரில் கரைத்து நுண்ணுயிர்களுக்கு ஊட்டினார். உடலுக்குள் நிறமேறிய குமிழ்கள் பல தோன்றின. அவை ஒவ்வொன்றும் இரைப்பை என முடிவு செய்து, அவ்வுயிர்களைப் பல இரைப்பையுடையன என்னும் பெரும்பிரிவில் வைத்தார். டயட்டம்களும் அப்பிரிவில் சேர்ந்தன. அவை நகர்வதை அவர் கண்டார். நடுப்பிளவு வழியே நத்தையினுடையது போன்ற கால் வெளிப்படுவதாகவும் நம்பினார்.

பிரான்சு நாட்டு அறிஞர் பெலிக்ஸ் துஜார்தான் இதனை ஏற்கவில்லை. எரன்பெர்க் காட்டிய குமிழ்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை, உடலுக்குள் சுற்றிவருகின்றன, தோன்றி மறைகின்றன, ஒன்றோடொன்று கலக்கின்றன என்று அவர் காட்டினார். இரைப்பை அவ்வாறு அலையாது. உறுப்புகளே இல்லாத, கூழ் போன்ற எளிய உயிர்ப்பொருளே அவ்வுடல் என 1835இல் அறிவித்தார். எரன்பெர்க்கின் நூல் வெளியான அதே 1838இல், அதே பெர்லினில் பணியாற்றிய ஷ்வான், உயிர்கள் யாவும் செல்களால் ஆனவை என்னும் கொள்கையை வகுத்துக்கொண்டிருந்தார். 1845இல் ஸீபோல்ட் நுண்ணுயிர்களை ஒற்றைச் செல் உயிர்கள் என வகைப்படுத்தினார். டயட்டம் ஓடு சிலிக்காவால் ஆனது என்று 1830களிலேயே காட்டிய குட்ஸிங், 1844இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் பாசிகளோடு வைத்தார். ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் பாசிகளே டயட்டம்கள் என்பதும், பிளவிலிருந்து சுரக்கும் பசையின் துணையால் அவை சறுக்கிச் செல்கின்றன என்பதும் பின்னர் உறுதியாயின. உலகில் நடைபெறும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றுடையது.

எரன்பெர்க் இறுதிவரை அசையவில்லை. இதைப் பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. உறுப்பற்ற உயிர் என்று ஒன்று இருக்குமானால், அது அழுகிய சாற்றிலிருந்து தானே பிறக்கலாம் என்னும் பழைய கருத்துக்கு மீண்டும் கதவு திறந்துவிடும் என அவர் அஞ்சினார். உயிர் உயிரிலிருந்தே வரும் என்று இளமையில் பூஞ்சைகளிடம் கற்ற பாடம் சரியானது. அதைக் காக்க எளிய உயிர்களுக்கும் இரைப்பை வேண்டும் என்று அவர் கருதியதே தவறு. பின்னாளில் பாஸ்டர் அந்தப் பாடத்தைச் சோதனைகளால் நிறுவியபோது, அதற்கு எவர் இரைப்பையும் தேவைப்படவில்லை.

இந்த வாதத்தில் தோற்றதால் அவருடைய புகழ் வாழ்நாளிலேயே மங்கியது. இளைய அறிஞர்கள் அவருடைய கொள்கையோடு படங்களையும் ஒதுக்கினர். கொள்கையை விலக்கிவிட்டுப் படங்களை மட்டும் பார்ப்போருக்கு அவை பெரும்பாலும் நம்பத்தக்கவை. கால் என்று அவர் எண்ணிய இடத்தில் கால் இல்லை. ஆனால் பிளவு, அவர் வரைந்த இடத்திலேயே இருக்கிறது.

நிறைவுக் காலம்

முதுமையிலும் மாதிரிகள் வந்துகொண்டிருந்தன. ஆழ்கடல் சேறும் எரிமலைச் சாம்பலும் அவர் மேசைக்கு வந்தன. குறிப்புகளையும் தொகுப்பையும் ஒழுங்குபடுத்துவதில் மகள் கிளாரா துணைநின்றார். அறிவியல் நூல்களில் அவர் பெயர் அரிதாகவே காணப்படும். எனினும் தந்தையின் அட்டைகளில் எது எங்கே உள்ளது என்பதைப் பிறர் அறியச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நெதர்லாந்து அறிவியல் கழகம், நுண்ணுயிர்களை முதன்முதலில் கண்ட லீவன்ஹூக்கின் பெயரால் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தி, 1875இல் அதனை முதலாவதாக எரன்பெர்க்குக்கு அளித்தது. அடுத்த ஆண்டு, 1876 ஜூன் 27ஆம் நாள், அவர் பெர்லினில் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 40,000 நுண்ணோக்கி வில்லைகளும், 5,000 மண், நீர் மாதிரிகளும், 3,000 வரைபடத் தாள்களும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒரு டயட்டத்தின் பெயரில் ஐயம் எழுந்தால், அப்பெயர் முதலில் எந்த ஓட்டுக்கு இடப்பட்டது என்பதைப் பார்க்க ஆய்வாளர்கள் அவ்வில்லைகளைத் தேடி வருகின்றனர். அவருடைய வளைய அடையாளம் இட்ட இடத்தில் அந்த ஓடு இன்னும் கிடக்கும். இன்றைய மின்னணு நுண்ணோக்கி வெளியிடும் படத்தை அதனோடு ஒப்பிட்டுப் பெயரை உறுதி செய்கின்றனர். டார்வின் அனுப்பிய தூசிப் பொட்டலங்களும் அங்கேதான் பாதுகாக்கப்பட்டிருந்தன. 2007இல் வெளியான ஆய்வொன்றிற்காக அவற்றை மீண்டும் பிரித்தனர். தூசி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பது அதில் உறுதியாயிற்று. அதனோடு வேறொன்றும் தெரியவந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறையில் கிடந்த அத்தூசியில், உயிருள்ள நுண்ணுயிர்கள் இன்னும் இருந்தன.